சுகிர்தா பிரவுசர் மாற்றிய வாரம்

ஆனைக்குட்டம் விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கினால் முதலில் ஒரு டீக்கடை, அதை ஒட்டினாற்போல் சுகிர்தாவின் சென்டர். கடைக்கு மேலே இருக்கிற பலகையை இருபது வருசத்தில் இரண்டு தடவை மாற்றி எழுதியாயிற்று. பிரவுசிங் சென்டர் என்று இருந்தது ஜெராக்ஸ் கடை ஆகி, இப்போது ஆன்லைன் சேவை என்று நிற்கிறது. ஊர்க்காரர்கள் பலகையைப் பார்த்துப் பேசுகிறவர்களா என்ன? அவர்களுக்கு அது அன்றைக்கும் சென்டர், இன்றைக்கும் சென்டர். ஐம்பத்திரண்டு வயதான சுகிர்தா, சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் சென்டரக்கா.

காலை ஏழு மணிக்கெல்லாம் பட்டாசுக் கம்பெனி வேன்கள் விலக்கில் வந்து நிற்கும். வேன் ஏறுகிற பெண்கள் அதற்கு முன்னால் சென்டருக்குள் நுழைந்து தங்கள் செல்போனைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். கம்பெனி கேட்டைத் தாண்டி போன் கொண்டுபோகக் கூடாது. வெடி மருந்துக்குப் பக்கத்தில் அது ஆகாது. வீட்டில் வைத்துவிட்டு வந்தால் பிள்ளைகள் கையில் சிக்கிச் சார்ஜ் தீர்ந்து கிடக்கும். ஆகவே சுவரில் ஒரு மர அடுக்கு, அதில் நாற்பது சின்னச் சின்னக் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு போன்.

இந்த ஊர்ப் பெண்களுக்கு ரேகை மிஷினில் விரல் பதியாது. தீப்பெட்டிக்குப் பசை தடவியும், பூச்சட்டிக்கு மருந்து அடைத்தும் விரல் நுனி வழவழவென்று ஆகிவிட்டிருக்கும். ரேகை விழவில்லை என்றால் போனுக்கு வரும் ஓடிபி எண்ணை வைத்துத்தான் எந்த விண்ணப்பத்தையும் முடிக்க முடியும். போன் இருப்பதோ சென்டர் அடுக்கில். அதனால், யாரும் திட்டம் போடாமலே ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. காலையில் போனைக் கொடுக்கும்போதே, ரேஷன் கார்டில் பிள்ளை பேரைச் சேர்த்துவிடுங்க, நலவாரியத்தில் புதுப்பித்துவிடுங்க என்று சொல்லிவிட்டு வேன் ஏறிவிடுவார்கள். சுகிர்தா பகலில் விண்ணப்பத்தைத் திறப்பாள். பேரில் இரண்டு எழுத்தை அடித்தால் போதும். தகப்பன் பேர், கதவு எண், ஆதார், போன் நம்பர் எல்லாவற்றையும் பிரவுசர் தானே நிரப்பிவிடும். அடுக்கில் போன் கிணுங்கும். எடுத்து எண்ணைப் பார்த்து அடித்துவிட்டுத் திரும்ப வைப்பாள். சாயந்திரம் வேன் வந்து நிற்கும்போது காகிதம் தயாராக இருக்கும். ஒருநாள் வேலையை விடாமல் காரியம் முடிந்தது என்று வாய் நிறைய வாழ்த்திவிட்டுப் போவார்கள்.

‘சேமிக்கட்டுமா?’ என்று பிரவுசர் கேட்கும்போதெல்லாம் சுகிர்தா சரி என்றே சொல்லி வந்திருந்தாள். எத்தனை வருசமாக என்று அவளுக்கே நினைவில்லை.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து இசைவாணி வந்தாள். இருபத்தெட்டு வயது. பூச்சட்டி அடைக்கிற வேலை. கணவன் பாண்டி மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்து மூன்று வருசம் ஆகப்போகிறது. ஆறு வயது மகளோடும் மாமியார் முருகம்மாளோடும் இருக்கிறாள். கொஞ்ச நேரம் ஜெராக்ஸ் மிஷினையே பார்த்துக்கொண்டு நின்றவள், மறுமணத்துக்குப் பதிவு செய்கிற சைட் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். கேட்டுவிட்டு வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

சுகிர்தா நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. எழுந்து போகும்போது இசைவாணி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

“அவுகளுக்கு மூணாவது வருசம் சாமி கும்பிட்டு முடிச்சதும் அத்தைகிட்ட நானே சொல்லிருவேன்க்கா. என் வாயாலதான் சொல்லணும். வேற யாரு சொல்லியும் அவுக காதுல விழுந்துரக் கூடாது. விழுந்துச்சுன்னா, பேத்தியத் தூக்கிக்கிட்டுப் போறதுக்கு ஒளிச்சு மறைச்சு ஏற்பாடு பண்ணுனேன்னு ஆயிரும்.”

என் கடையிலிருந்து ஒரு சொல் வெளியே போகாது என்றாள் சுகிர்தா. மனசாரத்தான் சொன்னாள்.

வாய் பேசாமல் இருந்துவிட்டது. மிஷின் பேச ஆரம்பித்தது.

நாலைந்து நாள் கழித்துக் கற்பகவல்லி வந்தாள். வெம்பக்கோட்டைப் பக்கம் நிலபுலம் உள்ள வீடு. பயிர் இன்சூரன்ஸ் போட வந்தவள். பட்டா நகல் இறங்கிக்கொண்டிருக்கும்போது திரையின் ஓரத்தில் ஒரு விளம்பரம் வந்து உட்கார்ந்தது. மாலையும் கழுத்துமாய் ஒரு ஜோடி, கீழே பெரிய எழுத்தில் ‘மறுமணத்துக்கு இன்றே பதிவு செய்யுங்கள்.’ சுகிர்தா அதை மூடினாள். அடுத்த பக்கத்தில் அதே ஜோடி மேலே வந்து நின்றது. அதையும் மூடினாள். பருவ மழை நிலவரம் பார்க்கப் போனால் அங்கேயும் நடுவில் நின்றது.

“ஏ சுகிர்தா, எங்க அண்ணன் நல்லாத்தானே இருக்காக?” என்றாள் கற்பகவல்லி. சுகிர்தாவின் கணவர் பிரபாகரன் ஆலங்குளம் சிமெண்டு ஆலையில் வேலை பார்க்கிறவர். “ஆலங்குளத்துக்கு ஒரு போனப் போட்டு, இங்கன மாப்பிள்ளை பார்த்துக்கிட்டு இருக்காகன்னு சொல்லட்டுமா?”

“சொல்லு. சீதனமா ஒரு மூட்டை சிமெண்டு குடுத்து அனுப்புவாரு” என்று சுகிர்தாவும் சிரித்தாள்.

கற்பகவல்லி விடுகிற ஆளா? தன் மகன் ஒருநாள் செருப்பு விலை பார்த்தான், மூன்று வாரம் போனில் செருப்பாகவே வந்து தொலைத்தது, தேடினால்தான் இது வரும் என்று ஞாயம் பேசினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “இந்த மிஷின்ல யாரோ பார்த்திருக்காக. யாரா இருக்கும்? வயசுப் பொண்ணா வீட்டுக்காரன் இல்லாம இருக்கிறது இந்த மூணு தெருவுலயும் ரெண்டு மூணு பேருதானே” என்று விரலை மடக்க ஆரம்பித்தாள்.

முதல் விரல் மடங்கும்போதே சுகிர்தா குறுக்கே புகுந்தாள். விருதுநகரில் ஒரு சிநேகிதி மகளுக்காகத் தான்தான் பார்த்ததாக அடித்துச் சொன்னாள். கற்பகவல்லி நம்பினாளோ இல்லையோ, விரலை விரித்துவிட்டு இன்சூரன்ஸ் காகிதத்தை வாங்கிக்கொண்டு போனாள்.

விருதுநகர் சிநேகிதி பொய்யில்லை. அவள் பேர் அழகுமீனா. சுகிர்தா உடனே அவளுக்குத்தான் போன் போட்டாள்.

இரண்டு பேரும் டைப்பிங் வகுப்பில் அடுத்தடுத்த மிஷினில் உட்கார்ந்து பழகியவர்கள். இரண்டாயிரத்து நாலில் சேர்ந்து இந்தச் சென்டரை ஆரம்பித்தார்கள். ஆறு கம்ப்யூட்டர், ஆறு பிளைவுட் அறை, அறைக்கு ஒரு பூப்போட்ட திரைச்சீலை. இன்டர்நெட் இணையும்போது மோடம் கரகரவென்று தொண்டையைச் செருமும். செருமி முடிக்கிறவரை ஆறு அறையும் அமைதியாகக் காத்திருக்கும். பிளஸ் டூ ரிசல்ட் அன்று வரிசை டீக்கடையைத் தாண்டி பஸ் ஸ்டாப் வரை நிற்கும். ஒரு நம்பர் திறக்கப் பத்து நிமிசம். பாஸ் என்று வந்தால் அழகுமீனா மேசையில் தட்டி அறிவிப்பாள். பெயில் என்று வந்தால் திரையைச் சட்டென்று தன் பக்கம் திருப்பிக்கொண்டு, பிள்ளையை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் காதோடு சொல்வாள். கூட வந்த தகப்பனுக்குக்கூட அந்தப் பிள்ளைதான் சொல்ல வேண்டும்.

மெயில் ஐடி உண்டாக்கித் தரச்சொல்லி வருகிறவர்களிடம் பாஸ்வேர்டு என்ன வைக்கலாம் என்று கேட்டால், யோசிக்காமல் குலசாமி பேரைச் சொல்வார்கள். ஒரே சாமியைக் கும்பிடுகிற முப்பது வீட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு. அழகுமீனா தலையில் அடித்துக்கொண்டு, சாமி பேரோடு உங்களுக்குப் பிடித்த பலகாரத்தையும் சேருங்க என்பாள். அப்படித்தான் அய்யாதுரை மாமாவுக்கு அய்யனாரும் சீரணி மிட்டாயும் சேர்ந்த பாஸ்வேர்டு வந்தது.

அழகுமீனாவுக்கு இன்னொரு விதி உண்டு. ஆள் எழுந்து போன நாற்காலியின் சூடு ஆறுவதற்குள், அவர் பார்த்ததையெல்லாம் பிரவுசரிலிருந்து அழித்துவிட வேண்டும். ஒரு தடவை ஓர் அண்ணன்காரன் வந்து, தன் தங்கச்சி நாலாம் நம்பர் அறையில் என்ன பார்த்தாள் என்று மிரட்டினான். “வாடகைக்கு எடுத்த சைக்கிள்ல எங்க போனீகன்னு கடைக்காரன் எழுதி வைக்கிறானா? இங்கயும் அப்படித்தான்” என்று அனுப்பிவிட்டாள். அந்தத் தங்கச்சி ஒன்றும் பார்க்கவில்லை, பாவம். நர்சிங் படிப்புக்கு எங்கே விண்ணப்பம் போடுவது என்று தேடியிருந்தாள்.

பிறகு எல்லார் கையிலும் செல்போன் வந்தது. ஆறு அறை நாலாகி, இரண்டாகி, ஒன்றாயிற்று. அழகுமீனா விருதுநகரில் ஒரு கல்லூரிக் கம்ப்யூட்டர் லேபில் வேலைக்குச் சேர்ந்து போய்விட்டாள். அவளோடு அந்த விதியும் போய்விட்டது என்பது சுகிர்தாவுக்கு இப்போதுதான் உறைத்தது.

போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அழகுமீனா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

“நாம அப்ப தினம் அழிச்சோமேடி” என்றாள் அவ்வளவுதான்.

பிறகு இரண்டு பிரவுசர் பேரைச் சொன்னாள். முதலாவது வெகு கண்டிப்பு. மூடினால் முழுசாக மறந்துவிடும், பின்னாலேயே வருகிற விளம்பரக்காரன் எவனையும் வாசலில் விடாது, ஆனால் சில சைட்டுகள் அதில் திறக்காது. இரண்டாவது அம்புட்டுக் கண்டிப்பு இல்லை. பின்தொடர்கிறவர்களைத் தடுக்கும், மூடும்போது மறக்கச் சொன்னால் மறக்கும், முரண்டு பிடிக்கிற சைட்டுக்கு மட்டும் நாமே கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம். எதுவாக இருந்தாலும் சுகிர்தா ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். ரெண்டு எழுத்து அடித்தால் ஊரே வந்து நிற்கிற சுகம் இனிமேல் கிடையாது.

சுகிர்தா அடுத்த நாள் இரண்டையும் இறக்கிப் பார்த்தாள். கண்டிப்பானதில் விளம்பர ஜோடி தலைகாட்டவில்லை, நிம்மதியாக இருந்தது. ஆனால் பென்சன் சைட்டில், படத்தில் உள்ள எண்ணை அடிக்கச் சொன்ன இடத்தில் படமே வரவில்லை. இன்னொரு அரசாங்கப் பக்கம், உங்கள் பிரவுசர் எங்களுக்கு ஆகாது என்று கதவைச் சாத்தியது. கிழவிகளின் பென்சனைத் தடுத்துவிட்டு இரகசியம் காத்து என்ன செய்ய? இரண்டாவதே சரி என்று முடிவு செய்தாள். அதை முதல் தடவை திறந்தபோது அது மரியாதையாக ஒரு கேள்வி கேட்டது: பழைய பிரவுசரில் இருப்பதையெல்லாம் இங்கே கொண்டுவரட்டுமா?

சுகிர்தா அந்தக் கேள்வியை அப்படியே நிறுத்திவைத்தாள். பழையதைத் திறந்து, அதில் சேமித்து வைத்திருந்த பட்டியலை மேலிருந்து பார்க்க ஆரம்பித்தாள்.

அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு ஆறிப்போயிற்று. அறுநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். சோலைச்சாமி இருந்தார், மழை எப்போது என்று பார்க்க வாரம் ஒரு நடை வந்து, மிஷின் சொன்னதை நம்பாமல் வானத்தைப் பார்த்துவிட்டுப் போகிறவர். செத்து நாலு வருசம் ஆகிறது. பென்சன் நம்பர் இங்கே உயிரோடு இருந்தது. அய்யாதுரை மாமாவின் அய்யனாரும் சீரணி மிட்டாயும் இருந்தன. கீர்த்திகா இருந்தாள், மூன்று விலாசத்தோடு: இந்த ஊர், திருப்பூர், பிறகு மஸ்கட். நர்சிங் தேடிய அந்தத் தங்கச்சிதான். கடைசியில் அண்ணன்தான் வந்து விண்ணப்பத்துக்குக் கையெழுத்துப் போட்டான். ரிசல்ட் பார்க்கிற பழைய பக்கத்தின் குறிப்பு இருந்தது. அமுக்கினால் அப்படி ஒரு பக்கமே இல்லை என்று வந்தது. பிளைவுட் அறைகளும் திரைச்சீலைகளும் மோடத்தின் செருமலும் எல்லாம் அந்தப் பட்டியலுக்குள் எங்கோ இருப்பது மாதிரி அவளுக்குத் தோன்றியது. கல்யாண வீட்டில் மொய் எழுதின பழைய நோட்டைப் புரட்டினால், வந்தவர் முகம் எல்லாம் வரிசையாக வருமே, அப்படி வந்தார்கள்.

கடைசிப் பக்கத்தில் இசைவாணி இருந்தாள். அவளுடைய போட்டோ, பிறந்த தேதி, தாலி கட்டிய வருசம், அறுத்த வருசம். யார் வந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் இரண்டு அமுக்கில் பார்த்துவிடலாம்.

சுகிர்தா புதியதற்குத் திரும்பிப் போய், வேண்டாம் என்பதை அமுக்கினாள். பிறகு பழையதில் உள்ளதை எல்லாம் அழித்தாள். மெயில் கணக்கு வழியாக இன்டர்நெட்டில் வேறெங்கோ போய்ச் சேமிப்பாகி இருந்ததையும் அழகுமீனா போனில் சொல்லச் சொல்லத் தேடி அழித்தாள். முடிந்ததும் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆறிப்போன சாப்பாட்டைச் சாப்பிட்டாள்.

ஊர் சும்மா இருக்குமா? பேர் சொன்னால் போதும் என்றிருந்தவர்கள் ஆதாரையும் ரேஷன் கார்டையும் தேடி எடுத்து வர வேண்டியதாயிற்று. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நெரிந்தது. சென்டரக்காவுக்கு வயசாயிருச்சு, எல்லாம் மறந்துபோகுது என்று ஒருத்தி சொன்னாள். மறக்கிறது நான் இல்லை, மிஷின் என்று சுகிர்தா சொல்லிப் பார்த்தாள். மிஷினுக்கா வயசாச்சு என்று அதற்கும் சிரித்தார்கள். விளம்பர ஜோடி மட்டும் போன இடம் தெரியவில்லை. கற்பகவல்லி பயிர் இன்சூரன்ஸ் ரசீதுக்கு வந்தபோது திரையை எட்டி எட்டிப் பார்த்துவிட்டு ஏமாந்து போனாள்.

அந்த வாரக் கடைசியில், சாயந்திரம் நாலரை மணிக்கு முருகம்மாள் வந்தாள்.

இசைவாணியின் மாமியார். அறுபதை எட்டப்போகிறவள். கை நடுங்குவதால் தீப்பெட்டி வேலையை விட்டு நாளாயிற்று. பென்சன் காரியமாக வந்திருப்பாள் என்று சுகிர்தா நினைத்தாள். முருகம்மாள் கதவைச் சாத்திவிட்டு, மடியில் முடிந்து வைத்திருந்த ஒரு போட்டோவை எடுத்து மேசையில் வைத்தாள். இசைவாணி பேத்தியைத் தூக்கிக்கொண்டு கோயில் வாசலில் நிற்கிற படம்.

“ஏம்மா சுகிர்தா, இந்தப் பிள்ளைக்கு ஒரு மாப்பிள்ளை பாக்கணும்” என்றாள். “கம்ப்யூட்டர்ல பதியலாமாமே. மூணு வருசம் பாத்துட்டேன். என் மகன நெனச்சு அவ வயசையும் நான் தின்னுக்கிட்டு இருக்க முடியுமா? அவளுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா வேண்டாம்பா.”

சுகிர்தா, இசைவாணி பதிந்த அதே சைட்டைத் திறந்தாள். பழைய பிரவுசராக இருந்திருந்தால் திறந்ததுமே இசைவாணியின் பக்கம் போட்டோவோடு வந்து நின்றிருக்கும். இப்போது ஒன்றுமே தெரியாததுபோல் வெறும் கட்டங்கள் வந்தன. சுகிர்தா ஒவ்வொன்றாகக் கேட்டு நிரப்பினாள். தனக்குத் தெரிந்ததையே தெரியாதவள்போல் கேட்டாள். முருகம்மாள் மருமகளின் பிறந்த நட்சத்திரம்வரை சரியாகச் சொன்னாள்.

கடைசியில் பெரிய கட்டம். பெண்ணைப் பற்றி உங்கள் சொந்த வார்த்தையில் எழுதவும் என்று கேட்டது.

முருகம்மாள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். “நல்ல பிள்ளைன்னு போடு. கோவம் வரும், நிக்காதுன்னு போடு. ஒரு பொம்பளப் பிள்ளை இருக்கு, கெட்டிக்காரின்னு போடு.” விரலால் திரையைக் காட்டினாள். “மாமியா தொந்தரவு இருக்காது, அவ தனியாப் போயிருவான்னு போடு. அதத் தெளிவாப் போடு, தாயி. அதுக்குத்தான் வர்றவன் பயப்படுவான்.”

சுகிர்தாவின் விரல் எழுத்தின் மேலேயே நின்றுவிட்டது. இரண்டு வாரத்துக்கு முன்னால், இதே பெரிய கட்டத்தில் இசைவாணி ஒரே ஒரு வரிதான் போடச் சொன்னாள்: என் மாமியார் கடைசிவரை என்னோடுதான் இருப்பார். அதைப் போட்டால் வரன் வருவது கஷ்டம் என்று சுகிர்தா சொல்லியும் பார்த்தாள். அதுக்குப் பயப்படுகிற வரன் வரவே வேண்டாம் என்று இசைவாணி சொல்லிவிட்டாள்.

சொல்லிவிட்டால் என்ன? ஒரு வார்த்தை. எதிரே இருக்கிற மனுசியின் முகம் அப்படியே மலர்ந்துவிடும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. என் வாயாலதான் சொல்லணும் என்று சொன்னவள் இன்னும் வேனில் வந்துகொண்டிருக்கிறாள். சுகிர்தா விழுங்கிக்கொண்டு, முருகம்மாள் சொன்னதைச் சொன்னபடியே அடித்தாள்.

“இனி ஓடிபி வரும்க்கா. இசைவாணி போனுக்கு.”

“அவ போனு உன்கிட்டதானே இருக்கு. எடுத்துப் பாரேன். எப்பவும் பாக்கிறதுதானே.”

சுகிர்தா எழுந்துகூடவிட்டாள். பழகின கை அடுக்கை நோக்கிப் போயிற்று. பாதியில் இறக்கிக்கொண்டாள்.

“இனிமே அப்படி எடுக்கிறதில்லக்கா. அவ போனு, அவ வந்து பாக்கட்டும். இன்னும் அரை மணி நேரத்துல வேன் வந்துரும்.”

“அவளுக்குத் தெரியாமச் செய்யத்தானே உன்கிட்ட வந்தேன்?” என்றாள் முருகம்மாள். “மாமியாக்காரி வீட்ட விட்டு வெரட்டப் பாக்கான்னு நெனச்சுட்டான்னா? நான் எந்த மூஞ்சியோட சோறு வாங்கித் திங்க?”

“நெனப்பாளா இல்லையான்னு அவகிட்டத்தான் கேக்கணும். நான் எதுவும் சொல்ல முடியாதுக்கா. கேட்டுப் பாருங்க. கேட்டுத்தான் பாருங்களேன்.”

முருகம்மாள் எழுந்து கதவுவரை போனாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். போட்டோவை எடுத்து மடியில் முடியப் போனவள், முடியாமல் மேசையிலேயே வைத்தாள்.

வேன் வந்தது. பெண்கள் வந்து போனை வாங்கிக்கொண்டு போனார்கள். கடைசியாக, அலுமினியத் தூள் சரியாகப் போகாத கையோடு இசைவாணி வந்தாள். மாமியாரையும் மேசையில் கிடந்த போட்டோவையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது. சுகிர்தாவைப் பார்த்த பார்வையில் ஒரு கேள்வி இருந்தது. இல்லை என்று சுகிர்தா தலையை மட்டும் அசைத்தாள். ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு வெளியே போனாள்.

டீக்கடையிலிருந்து பார்த்தால் கண்ணாடிக் கதவு வழியே இரண்டு முதுகுகள் தெரிந்தன. முதலில் ஒரு முதுகு குலுங்கியது. பிறகு மற்றது. யார் முதலில் சொன்னார்கள் என்பதை சுகிர்தா அன்றைக்கும் கேட்கவில்லை, பிற்பாடும் கேட்கவில்லை. டீ ஆறி ஏடு படிந்துவிட்டது.

இசைவாணி கதவைத் திறந்து தலையை நீட்டினாள். கண் சிவந்திருந்தது. “அக்கா, உள்ள வாங்களேன். ஒரு வரிய அழிக்கணும். எனக்கு அழிக்க வரல, பேசாம நிக்குது.”

எந்த வரி என்று சுகிர்தா கேட்கத் தேவையிருக்கவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தாள்.

“அழிக்காத சுகிர்தா” என்றாள் முருகம்மாள், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. “அது இல்லாட்டி எவன் வருவான்?”

“வராட்டி வராம இருக்கட்டும், அத்தை. நீங்க அழியுங்கக்கா.”

சுகிர்தா கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னால் அழித்துக்கொண்டே போனாள். முருகம்மாள் வாய்க்குள் எழுத்துக் கூட்டிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தும் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த வரி இருந்த இடம் வெறுமையானதும் இசைவாணி இன்னொரு நாற்காலியை இழுத்து மாமியாருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

“இப்ப சொல்லுங்க அத்தை. ரெண்டு பேருமாச் சேர்ந்து சொல்லுவோம். கோவம் வரும்னா போட்டிருக்கீக?”

“வரும்ல” என்றாள் முருகம்மாள்.